செபம் டிரிப் ஆகும் வீடு

செய்தி வந்தபோது நான் சிவப்புப் பேனாவும் கையுமாக உட்கார்ந்திருந்தேன். பத்தாம் வகுப்புக் கணக்கு விடைத்தாள் ஒரு கட்டு முடிந்து அடுத்த கட்டைப் பிரித்த நேரம். சனிக்கிழமை காலை ஆறரை மணி இருக்கும். போனில் பிலோமி. மிக்கேல் அண்ணனின் கடைக்குட்டி, பதின்மூன்று வயது. அழுகையை எங்கேயோ கட்டி வைத்துவிட்டுப் பேசுகிற குரல்.

“டீச்சர், அப்பா போயிட்டாக. காப்பி கேட்டாக. அம்மா ஆத்திக் கொண்டாரதுக்குள்ள போயிட்டாக.”

நான் என்ன பதில் சொன்னேன் என்று நினைவில்லை. அவள் அடுத்துக் கேட்டது மட்டும் நன்றாக நினைவிருக்கிறது.

“ஸ்டெல்லா அக்காவுக்கு நீங்க சொல்றீகளா, நான் சொல்லட்டுமா?”

ஸ்டெல்லா என் மகள். மதுரையில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். நான் பெற்ற மகளுக்குச் செய்தி சொல்ல, அப்பாவைப் பறிகொடுத்த பிள்ளை என்னிடம் இப்படிக் கேட்கிறது. ஏன் கேட்டாள் என்று எனக்குத் தெரியும். ஐந்து வருடமாக எனக்கும் ஸ்டெல்லாவுக்கும் நடுவே ‘சாப்பிட்டியா, பஸ் கிடைச்சதா, போன்ல சார்ஜ் இல்லையா’ என்ற மூன்று கேள்விக்கு மேல் பேச்சு நீண்டதில்லை. “நீயே சொல்லு கண்ணு” என்றேன்.

நம் அன்பியத்தில் பதினைந்து குடும்பங்கள். வாரம் ஒரு வீடு என்று முறை வைத்துக் கூடிச் செபிக்கிறோம். அண்ணனின் முப்பதாம் நாள் பூசை முடிந்த பிறகு யாராவது நாலு வார்த்தை பேசவேண்டும் என்றீர்கள். எனக்கு நாலு வார்த்தையில் நிறுத்தத் தெரியாது என்பது உங்களுக்கே தெரியும், அதனால் எழுதியே கொண்டுவந்துவிட்டேன். இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அஞ்சலியில் இவ்வளவு உற்சாகம் ஆகுமா என்று யாராவது முகம் சுளித்தால் சுளித்துக்கொள்ளுங்கள். அண்ணன் போன துக்கமும் அவரால் எனக்கு வந்த சந்தோஷமும் ஒரே வாரத்தில் வந்து சேர்ந்தன. இரண்டையும் பிரித்து வைக்க எனக்குத் தெரியவில்லை.

மிக்கேல் அண்ணன் மோட்டார் வைண்டிங் கடை வைத்திருந்தார். கம்பம் ரோட்டில் போகிறவர்கள் அந்தக் கடையைப் பார்த்திருப்பீர்கள். முன்பக்கம் முழுக்கச் செம்புக் கம்பிச் சுருள்களும் கருகிப்போன மோட்டார்களும், பின்பக்கம் வீடு. ஓடைப்பட்டித் திராட்சைத் தோட்டங்களில் கிணற்று மோட்டார் எரிந்தால் முதலில் அவரிடம்தான் வருவார்கள். வார்னிஷ் வாடை அவர் சட்டையை விட்டுப் போனதே இல்லை. ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு வந்தாலும் பின்வரிசையில் அந்த வாடை வந்தால் அண்ணன் வந்துவிட்டார் என்று தெரிந்துகொள்வோம்.

நான் அப்போது பங்குக் கோவிலில் ஞாயிறுதோறும் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி எடுத்துக்கொண்டிருந்தேன். எடுத்துக்கொண்டிருந்தேன் என்பது அடக்கமான வார்த்தை. ஆண்டுகொண்டிருந்தேன் என்பதுதான் சரி. என் வகுப்பில் பத்துக் கட்டளையை முன்னிருந்து பின்னும் பின்னிருந்து முன்னும் சொல்லாத பிள்ளை கிடையாது. மறைமாவட்டத் தேர்வில் என் பிள்ளைகள் வாங்கிய கேடயங்கள் பங்கு அலுவலகத்து அலமாரியில் இன்றும் இருக்கின்றன. விசுவாசம் என்பது நன்றாக மனப்பாடம் செய்து, நடுவில் நிற்காமல் ஒப்பிக்கிற பொருள் என்றே நான் நம்பியிருந்தேன்.

ஆறு வருடத்துக்கு முன்னால் மறைக்கல்வி ஆண்டுவிழாவில் சின்னப் பிள்ளைகளுக்குச் செபப் போட்டி வைத்தோம். இயேசு கற்றுக்கொடுத்த செபத்தைப் பிழையில்லாமல் சொல்லவேண்டும், அவ்வளவுதான். நான் நடுவர். கையில் மணி, முன்னால் மைக். பிலோமிக்கு அப்போது ஏழு வயது. மேடை ஏறி, கைகுவித்து, கணீரென்று ஆரம்பித்தாள். ‘எங்களுக்கு எதிராகக் குற்றம் செய்வோரை நாங்கள் பொறுப்பது போல’ என்கிற வரைக்கும் வந்தாள். அங்கே நின்றுவிட்டாள்.

திணறி நிற்கவில்லை. ஹாயாக நின்றாள். கூட்டத்தை இடமிருந்து வலமாக ஒரு பார்வை பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். நான் புருவத்தை உயர்த்தினேன். அவளும் பதிலுக்குப் புருவத்தை உயர்த்தினாள். நான் மணியை அடித்துவிட்டேன்.

“போதும், உக்காரு. வீட்டுல அப்பா அம்மா என்னத்தத்தான் சொல்லிக் குடுக்குறாங்க?” என்று மைக்கிலேயே கேட்டேன்.

“யாரும் ஒண்ணும் சொல்லலையே டீச்சர்” என்றாள் பிலோமி.

கூட்டம் கொல்லென்று சிரித்தது. நானும் சிரித்தேன். பிள்ளை வாயாலேயே உண்மை வந்துவிட்டதென்று எனக்கு உள்ளூரப் பெருமை வேறு. அன்று சாயங்காலமே மிக்கேல் அண்ணன் வீட்டுக்குக் கிளம்பிவிட்டேன். சண்டைக்குத்தான் போனேன், மறைக்க என்ன இருக்கிறது?

போய்ச் சேர்ந்தபோது ஏழு மணி. திருஇருதய ஆண்டவர் படத்துக்குக் கீழே சிவப்புப் பல்பு எரிந்துகொண்டிருந்தது. பாயில் நாலு பேரும் உட்கார்ந்திருந்தார்கள். அண்ணன், அவர் மனைவி லூர்து அக்கா, மூத்தவன் ஆரோக்கியம், பிலோமி.

“வாங்க டீச்சர், நல்ல நேரத்துக்கு வந்தீக. உக்காருங்க. செபத்தச் சொல்லி முடிச்சிட்டு அப்புறமாத் திட்டுங்க” என்றார் அண்ணன்.

உட்கார்ந்தேன். செபம் ஆரம்பித்தது. அதே வரி வந்தது. ‘நாங்கள் பொறுப்பது போல’ என்று சொல்லி நாலு பேரும் சேர்ந்தாற்போல் நிறுத்தினார்கள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. குடும்பமே மறந்துபோய்விட்டதா! கை தட்டாத குறையாக, “எங்கள் குற்றங்களைப் பொறுத்தருளும்” என்று நான் உரக்க எடுத்துக் கொடுத்தேன்.

பிலோமி என் பக்கம் திரும்பி, உதட்டில் விரல் வைத்தாள். “டீச்சர், டிரிப் ஆயிருக்கு. இப்ப அமுக்கக்கூடாது.”

எனக்கு ஒன்றும் புரியவில்லை. லூர்து அக்கா பேச ஆரம்பித்தார். செபமாக இல்லை, சாதாரணமாக. “மத்தியானம் சாப்பிட வாரேன்னு சொல்லிட்டு வரல. கொழம்பச் சூடு பண்ணிச் சூடு பண்ணி ஒக்காந்திருந்தேன். எனக்கு அழுக வந்துருச்சு.”

“தப்புத்தான் லூர்து. ஒரு போன் போட்டிருக்கணும். மன்னிச்சுக்க.”

“சரி.”

ஆரோக்கியம், தங்கையின் கலர் பென்சிலை ஒடித்து அவளுக்குத் தெரியாமல் பெட்டியில் திரும்ப வைத்ததைச் சொன்னான். பிலோமி அவனை முறைத்தாள். கொஞ்ச நேரம் யோசித்தாள். “பச்சையா? பச்சைன்னாப் பரவாயில்ல” என்றாள்.

கடைசியாக அண்ணன் என்னைப் பார்த்தார். “டீச்சர், ஒங்க மேல எனக்கு இன்னைக்குக் கோவம். எம்பிள்ளய மைக்குல வச்சுப் பேசிட்டீக. அது மறந்துபோயி நிக்கல. கூட்டத்துல யாராச்சும் எதாச்சும் சொல்லுவாகன்னு நின்னுச்சு. அதத்தான், யாரும் ஒண்ணும் சொல்லலையேன்னு ஒங்ககிட்டச் சொன்னுச்சு. போகட்டும், நான் பொறுத்துட்டேன்.”

“ரீசெட்!” என்று கூவினாள் பிலோமி. நாலு பேரும் விட்ட இடத்தில் செபத்தைப் பிடித்து, ஆமென் வரைக்கும் ஓட்டமாக ஓடினார்கள். திட்ட வந்தவளுக்கு முறுக்கும் காப்பியும் கொடுத்து அனுப்பினார்கள்.

வீடு வந்து சேரும்வரை முணுமுணுத்துக்கொண்டே வந்தேன். செபத்துக்கு நடுவே குழம்புப் பஞ்சாயத்தா? இது எந்த மறைக்கல்விப் புத்தகத்தில் இருக்கிறது? மறுநாள் பள்ளிக்கூடம் விட்டதும் எங்கள் வீட்டுத் தண்ணீர்த் தொட்டி மோட்டாரைச் சாக்கு வைத்துக் கடைக்கே போய்க் கேட்டுவிட்டேன். அண்ணன் ஒரு ஸ்டார்ட்டர் பெட்டியைத் திறந்து, உள்ளே ஒரு சின்னச் சிவப்புப் பட்டனைக் காட்டினார்.

“இது ரிலே டீச்சர். லோடு கூடிப் போச்சுன்னா மோட்டாரத் தானா நிறுத்திரும். அதத்தான் டிரிப்புன்னு சொல்லுவோம். டிரிப் ஆன ஒடனே பட்டன அமுக்கி மறுபடி ஓட்டக்கூடாது. எங்கன கோளாறுன்னு பாத்துட்டுத்தான் அமுக்கணும். அப்படி அமுக்குறதுதான் ரீசெட். அவசரப்பட்டு அமுக்குனவுக மோட்டாரெல்லாம் இங்கனதான் கருகிக் கெடக்கு, பாருங்க.”

“அதுக்கும் செபத்துக்கும் என்னண்ணே சம்பந்தம்?”

“நாங்கள் பொறுப்பது போலன்னு ஆண்டவர்ட்டச் சொல்றோம். பொறுத்தாச்சான்னு பாக்காம அடுத்த வரிக்கு ஓடுனா அது பொய்யில்லையா? புள்ளைகளுக்கு வேதம் சொல்லிக் குடுக்குற அளவுக்கு நான் படிக்கல டீச்சர். அதுக முன்னாடி நான் ஒரு வரியும் பொய்யாச் சொல்லாம இருந்தாப் போதும்னு பாக்குறேன்.”

செபமாலையில் பத்துப் பத்து மணியாக உருட்டும்போது ஒவ்வொரு பத்துக்கும் ஒருமுறை அந்த வரி வருமே, அத்தனை தடவையும் நிற்பீர்களா என்று மடக்கினேன். “முதல் தடவை மட்டுந்தான். இல்லாட்டி எப்பச் சோறு திங்கிறது?” என்றார். பங்குச் சாமியார் இதைக் கேள்விப்பட்டு, “பாவசங்கீர்த்தனத்தில் குற்றம் சொல்ல அந்தத் தெருவிலிருந்து ஆள் குறைகிறதே என்று பார்த்தேன்” என்று சிரித்தார். நான் சிரிக்கவில்லை. அண்ணன் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது என்று ஒத்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை.

அடுத்த தவக்காலத்தில் ஒரு ஞாயிறு, பிலோமி வகுப்புக்கு வந்து உட்கார்ந்ததும் சொன்னாள். “டீச்சர், எங்க வீட்டுல பதினோரு நாளா ஆமென் வரல.”

நடந்தது இதுதான். பண்ணைப்புரத்தில் அண்ணனின் தம்பி இருக்கிறார். ஒரு கல்யாண வீட்டில், பந்தியில் உட்கார்ந்திருந்த லூர்து அக்காவை, மாப்பிள்ளை வீட்டார் உட்காரட்டும் என்று எல்லோர் முன்னாலும் எழுப்பிவிட்டுவிட்டார். எச்சிலான இலையை விட்டு அக்கா எழுந்தார். அண்ணனால் அதைப் பொறுக்க முடியவில்லை. அன்றிலிருந்து செபம் அந்த வரியில் நிற்கும். லூர்து அக்கா, “நானே பொறுத்துட்டேன், நீங்க என்ன?” என்பார். அண்ணன் தலையை ஆட்டுவார். சிலுவை போட்டுக்கொண்டு எல்லோரும் எழுந்துவிடுவார்கள். பிள்ளைகள் தினமும் அப்பாவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். நானாக இருந்தால் பிள்ளைகளுக்கு முன்மாதிரி என்று சொல்லிக்கொண்டு கடகடவென்று முடித்திருப்பேன்.

பன்னிரண்டாம் நாள் அண்ணன் மொபெட்டை எடுத்துக்கொண்டு பண்ணைப்புரம் போனார். திரும்பி வந்த பிறகு நான் கடைக்குப் போய், “என்ன பேசுனீங்க?” என்று கேட்டேன்.

“ஒண்ணும் பேசல டீச்சர். காப்பி குடுத்தான், குடிச்சேன். சீனிய அள்ளிப் போட்டிருந்தான். எனக்குச் சீனி தூக்கலா வேணுமுன்னு அவனுக்கு ஞாபகம் இருக்கு. அங்கனயே எனக்கு விட்டுப்போச்சு.”

அன்று சாயங்காலம் அந்த வீட்டில் ஆமென் வந்தபோது பிள்ளைகள் எழுந்து குதித்தார்களாம். பக்கத்து வீட்டார் கிரிக்கெட்டில் இந்தியா ஜெயித்துவிட்டதோ என்று எட்டிப் பார்த்தார்களாம். யோசித்துப் பாருங்கள்! ஒரு செபம் முடிந்ததற்காகப் பிள்ளைகள் குதித்ததை நம்மில் யார் பார்த்திருக்கிறோம்? என் வகுப்பில் ஆமென் வந்தால் பிள்ளைகள் செருப்பைத் தேடுவார்கள்.

இனி ஸ்டெல்லாவைப் பற்றிச் சொல்லவேண்டும். உங்களில் பாதிப்பேர் நேரில் பார்த்ததுதான், இருந்தாலும் நான் என் வாயால் சொன்னதில்லை.

அந்த வருடம், பிள்ளைகளை எண்ணெய் பூசி விசுவாசத்தில் உறுதிப்படுத்தும் உறுதிபூசுதல் கொடுக்க மறைமாவட்ட ஆயர் வந்தார். என் வகுப்பில் நாற்பது பிள்ளைகள், அதில் ஸ்டெல்லா ஒருத்தி, பதினான்கு வயது. இரண்டு வாரத்துக்கு முன்னால் வாய்மொழித் தேர்வு வைத்தேன். அவளுக்குக் காய்ச்சல் விட்டு இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. ஐந்து கேள்வியில் மூன்றுக்குப் பதில் வரவில்லை. வேறு பிள்ளையாக இருந்தால் அடுத்த வாரம் வந்து சொல் என்றிருப்பேன். டீச்சர் மகளென்று சலுகை காட்டினார் என்று யாராவது சொல்லிவிட்டால்? எல்லோர் முன்னாலும் பட்டியலை எடுத்து, அவள் பெயரைச் சிவப்பு மையால் அடித்தேன். “உனக்கு இந்தத் தடவ கிடையாது” என்றேன். ஆயர் வந்த அன்று முப்பத்தொன்பது பிள்ளைகள் வெள்ளை உடுப்பில் நின்றார்கள். என் மகள் மூன்றாவது வரிசையில் பச்சைச் சுடிதாரில் உட்கார்ந்து பார்த்தாள். பூசை முடிந்து நாலு பேர் என்னிடம் வந்து, “டீச்சர்னா டீச்சர்தான்” என்று பாராட்டினார்கள். நான் அதை ஆசையாக வாங்கிக்கொண்டேன்.

அதற்குப் பிறகு ஸ்டெல்லா வீட்டுச் செபத்தில் உதடு அசைக்கவில்லை. அவள் அப்பாவுக்கு வண்டிப்பெரியாற்றில் வேலை, சனிக்கிழமை வந்து திங்கள் போய்விடுவார். மற்ற நாளெல்லாம் நாங்கள் இருவர்தான். எனக்குப் பயம் வந்துவிட்டது. ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் சாமியைச் சொல்லிக்கொடுத்துவிட்டு, சொந்தப் பிள்ளை கையிலிருந்து பிடுங்கிவிட்டேனோ? கடைசியில் நானும் மிக்கேல் அண்ணன் வீட்டு முறையையே கையில் எடுத்தேன். அந்த வரியில் நிறுத்திவிட்டு, “சொல்லு ஸ்டெல்லா, உன் மனசுல என்ன?” என்றேன். அவள் பாயின் கோரையைக் கிள்ளினாள். “யார்மேல கோவம்? சொல்லு.” ஒரு வாரம் இப்படி நடத்திவிட்டு, உங்கள் முறை வேலை செய்யவில்லை என்று அண்ணனிடமே போய்ப் புகார் கொடுத்தேன்.

அவர் சிரித்த சிரிப்பில் கையிலிருந்த கம்பிச் சுருள் உருண்டது. “டீச்சர், நீங்களே நிறுத்திப்புட்டு, அவ கோவத்த அவளையே கக்கச் சொல்லியிருக்கீக. அது செபம் இல்ல, போலீஸ் ஸ்டேசன்.” பிறகு சிரிப்பை நிறுத்தி, “ஒங்க தப்பு எதுன்னு ஒங்களுக்குத் தெரியுமில்ல?” என்றார்.

தெரியும். அன்று சாயங்காலம் அந்த வரியில் நிறுத்தி, “ஸ்டெல்லா, என் பேரக் காப்பாத்துறதுக்கு உன் பேர அடிச்சேன். தப்பு. என்னைய மன்னிச்சிரு” என்றேன். ஸ்டெல்லா என்னையே பார்த்தாள். பிறகு எழுந்து உள்ளே போய்விட்டாள். அதன்பின் செபத்துக்கு உட்காரவே இல்லை.

மறுநாள் கடையில் போய் அழுதேன். “கேட்டுட்டேன் அண்ணே. அவ பொறுக்கல.”

“எனக்கே பதினோரு நாளாச்சு. அதுவும் எம் பொண்டாட்டி எல எச்சியானதுக்கு. அவளுக்கு எத்தன நாளுன்னு நீங்களா குறிக்க முடியும்? கேட்டாச்சுல்ல, விடுங்க. அமுக்காதீக.”

அவரும் அமுக்கவில்லை. ஸ்டெல்லா கடைப்பக்கம் போனால், “ஏ ஆத்தா, பரீச்ச எப்படி?” என்பார், பிலோமியோடு உட்கார்த்தி முறுக்குக் கொடுப்பார். சாமி பேச்சை எடுத்ததே இல்லை. எனக்கு அவர்மேல் அதிலும் கொஞ்சம் வருத்தம்தான். ஒரு வார்த்தை சொன்னால் என்ன குறைந்தா போய்விடுவார் என்று நினைப்பேன். இரண்டு வருடம் கழித்து ஆயர் மறுபடி வந்தார், ஸ்டெல்லா பெயர் கொடுக்கவில்லை. கல்லூரிக்குப் போனாள், ஊருக்கு வந்தாலும் கோவிலுக்கு வருவதில்லை. மறைக்கல்வி டீச்சர் மகள் செபமே சொல்வதில்லை என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் நானே புலம்பித் தீர்த்தேன். ஐந்து வருடம்.

அண்ணன் இறந்த அன்று மதியத்துக்குள் ஸ்டெல்லா வந்து சேர்ந்துவிட்டாள். நேரே போய்ப் பிலோமியைக் கட்டிக்கொண்டாள். அடக்கம் முடிந்தும் அந்த வீட்டிலேயே தங்கினாள். மூன்றாம் நாள் சாயங்காலம் நாம் எல்லோரும் செபமாலைக்குக் கூடினோம், ஞாபகம் இருக்கிறதா? பாயில் இடமில்லாமல் மோட்டார்களுக்கு நடுவே உட்கார்ந்தோம். அப்போதுதான் ஓடைப்பட்டிப் பெருமாள்சாமி அண்ணன் துக்கம் கேட்க வந்தார். திராட்சைத் தோட்டக்காரர். நம் செபம் எதுவும் அவருக்குத் தெரியாது. மரியாதைக்கு ஓரமாகக் கைகட்டி நின்றார்.

அந்த வரி வந்தது. பிலோமி நிறுத்தினாள். நாம் எல்லோரும் நிறுத்தினோம். யாரும் வாய் திறக்கவில்லை. அன்றைக்கு யாரால்தான் என்ன சொல்ல முடியும்? பெருமாள்சாமி அண்ணன் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். வந்தவர் ஏதாவது சொல்லவேண்டும் போலிருக்கிறது, தனக்காகத்தான் காத்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டார் பாவம். தொண்டையைக் கனைத்தார்.

“நான் ஒண்ணு சொல்லிர்றேன். போன கோடையில எம் மோட்டாரு எரிஞ்சது மிக்கேலு கட்டுன வைண்டிங்கால இல்ல. ரிலே அடிக்கடி நிக்கிதுன்னு அதக் கழட்டிப் போட்டுட்டு நான்தான் கரண்ட டைரக்டாக் குடுத்தேன். ஊரெல்லாம் வைண்டிங்கு சரியில்லன்னு சொல்லிட்டேன். அவருக்கும் தெரியும், நான்தான்னு. ஒரு வார்த்த கேக்கல, மறுபடி கட்டிக் குடுத்தாரு.” துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

லூர்து அக்கா நிமிர்ந்து பார்த்தார். “அவுக அன்னைக்கே பொறுத்துட்டாகண்ணே. இங்கனயே ஒக்காந்து சொன்னாக. நாங்களும் பொறுத்துட்டோம்.”

“ரீசெட்” என்றாள் பிலோமி, அழுதுகொண்டே. செபம் தொடர்ந்தது. நான் ஓரக்கண்ணால் ஸ்டெல்லாவைப் பார்த்தேன். அவள் தலை குனிந்திருந்தது. வாய் அசைகிறதா இல்லையா என்று அந்த வெளிச்சத்தில் தெரியவில்லை.

மறுநாள் மதியம் அவளை மதுரைக்கு ஏற்றிவிட உத்தமபாளையம் பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். வெயில். இருவரும் கடை நிழலில் நின்றோம். சாப்பிட்டதைக் கேட்டு முடித்துவிட்டேன், போனில் சார்ஜ் இருப்பதையும் கேட்டு முடித்துவிட்டேன். இனி என்ன பேசுவது என்று நின்றபோது அவளே பேசினாள்.

“நான் செபமே சொல்றதில்லன்னு ஊர் பூராச் சொல்லிட்டுத் திரியிறியாம்மா?”

“அப்படியெல்லாம் இல்ல…”

“திரியிற. பிலோமி சொன்னா.” பையைத் தோளில் மாற்றிக்கொண்டாள். “நான் சொல்றேன்மா. ஹாஸ்டல்ல தினமும் சொல்றேன். நாங்கள் பொறுப்பது போல வரைக்கும்.”

“அதுக்கு மேல?”

“அதுக்கு மேல எப்படிச் சொல்ல? எனக்குத்தான் இன்னும் பொறுக்கலையே. சாமிகிட்டப் பொய் சொல்லச் சொல்றியா? அங்கனயே நிறுத்திட்டுப் படுத்துருவேன். மிக்கேல் மாமாட்டக் கேட்டேன். பாதியில நிறுத்துனா அது செபந்தானா மாமான்னு. முழுசாச் சொல்றவகளவிட நீதான் ஆத்தா ஒழுங்கா நிக்கிறன்னாக. ஒங்கிட்டச் சொல்ல வேணாமுன்னு நான்தான் சொன்னேன்.”

பெற்ற மகள், உன்னை நான் மன்னிக்கவில்லை என்று பட்டப்பகலில் முகத்துக்கு நேரே சொல்கிறாள். எனக்கோ துள்ளிக் குதிக்கவேண்டும் போலிருக்கிறது! ஐந்து வருடம்! ஒரு பிள்ளை ஒருநாள் தவறாமல் கடவுள் முன்னால் போய், பொய் சொல்லமாட்டேன் என்று அந்த ஒரு வரியில் நின்றிருக்கிறாள். நான் ஆயுசு பூராவும் அந்த வரியை மூச்சு விடாமல் தாண்டியிருக்கிறேன். எல்லாம் தெரிந்த அந்த மனிதர், நான் கடையில் உட்கார்ந்து மூக்கைச் சிந்தும்போதெல்லாம் வாயைத் திறக்காமல் கம்பி சுற்றிக்கொண்டிருந்திருக்கிறார். அழுத்தக்காரர்!

“நேத்து அந்த ஓடைப்பட்டி மாமா சொன்னாகள்ல” என்றாள் ஸ்டெல்லா. “அப்பவே சொல்லிப் பாக்கலாம்னு இருந்துச்சு. வாய் வரல. இப்பச் சொல்லிப் பாக்கட்டா?”

தேனி, ஆண்டிபட்டி, மதுரை என்று கண்டக்டர் கத்திக்கொண்டிருந்தார். பூக்காரம்மா ஒருவர் எங்களை இடித்துக்கொண்டு போனார். ஸ்டெல்லா கண்ணை மூடி, உதட்டுக்குள்ளேயே ஆரம்பித்தாள். அந்த வரி வந்தது. நின்றாள்.

நான் எடுத்துக் கொடுக்கவில்லை. என் உதட்டைப் பல்லால் கடித்துக்கொண்டு நின்றேன். மதுரைப் பஸ் கிளம்பிப் போய்விட்டது.

“எங்கள் குற்றங்களைப் பொறுத்தருளும்” என்றாள். கண்ணைத் திறந்தாள், என் முழங்கையைப் பிடித்தாள். அடுத்த வரிக்கு வாயெடுத்துவிட்டு விழித்தாள். ஐந்து வருடம் சொல்லாமலிருந்த வரி வரவில்லை.

“அடுத்து என்னம்மா?”

எத்தனை வருடம் மறைக்கல்வி எடுத்திருக்கிறேன், எத்தனை கேடயம் வாங்கியிருக்கிறேன்! என் பிள்ளை தானாகக் கேட்டு நான் ஒரு வரி சொல்லிக்கொடுத்தது அன்றைக்குத்தான். எங்களைச் சோதனைக்கு உட்படுத்தாதேயும் என்று சொல்லிக்கொடுத்தேன், அவள் சொன்னாள். மிக்கேல் அண்ணன் பெயரைச் சொல்லி நான் வைத்துக்கொள்வது அந்த ஒரு வரியைத்தான்.